ஹோஸ் முடியும் இடம்

சின்னப்பா அண்ணன் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: "மெஷின்ல தண்ணி நிக்குதா மேடம், இல்ல தரையில நிக்குதா?"

கேட்பவர்களுக்கு விளையாட்டாகத் தோன்றும். அவருக்கு அது எல்லைக்கோடு. மெஷினில் நின்றால் அவர் வேலை. தரையில் நின்றால் வேறு யாரோ ஒருவரின் வேலை. மெஷினுக்குப் பின்னாலிருந்து வரும் சாம்பல் நிற ஹோஸ் எங்கே முடிகிறதோ அங்கே தன் வேலையும் முடிந்தது என்பார். அதற்கு அப்பால் அவர் விரல் நீண்டு நான் பார்த்ததில்லை.

நான் அல்சூரில் ஒரு வாஷிங் மெஷின் சர்வீஸ் சென்டரில் சூப்பர்வைசர். செங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எனக்கு. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். மெக்கானிக்கல் பி.இ. அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. ஆபீஸ் மெயிலில் என் பெயருக்குப் பின்னால் அந்த இரண்டு எழுத்து இல்லாமல் எதையும் அனுப்ப மாட்டேன். சின்னப்பா என்னிடம் வேலை செய்யும் கான்ட்ராக்ட் மெக்கானிக். வயதில் மிகவும் மூத்தவர். என்னை "இன்ஜினியர் தம்பி" என்றுதான் கூப்பிடுவார். அதில் எவ்வளவு மரியாதை, எவ்வளவு கிண்டல் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அடக்கமான ஆள் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. வெள்ளை ஷூ. காலிங் பெல்லை அழுத்துவதற்கு முன்னால் பையிலிருந்து ஒரு சின்ன டியூபை எடுத்து இரண்டு கைகளிலும் வாசனை கிரீம் தேய்த்துக்கொள்வார். "கை மணக்கணும் தம்பி. நாம உள்ள போனதும் மூக்க சுளிக்க இவங்களுக்கு ஒரு காரணம் குடுத்துடக் கூடாது" என்பார்.

எங்கள் சென்டருக்கு வரும் புகார்களில் பெரும்பாதி, தண்ணீர் வெளியேறாத புகார்தான். மெஷின் துணியைத் துவைத்துவிட்டு, அழுக்குத் தண்ணீரை வயிற்றில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடும். அதை 'டிரைன் ஆகவில்லை' என்று சொல்ல வேண்டும். இந்தக் கன்னட ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'டிரைனேஜ் ப்ராப்ளம்' என்பார்கள். இந்த ஊரில் டிரைனேஜ் என்றால் சாக்கடை. இரண்டும் ஒரே வாயில் ஒரே சொல்லாகிவிட்ட பிறகு, மெஷினைச் சரிசெய்து முடித்ததும், "அப்படியே அந்த பாத்ரூம் டிரைனேஜையும் ஸ்வல்ப பார்த்துடுங்க" என்று அடுத்த வரி தானாக வந்துவிடும். எல்லா மெக்கானிக்கிடமும் கேட்பார்கள். மற்றவர்கள் முடியாது என்றால் விட்டுவிடுவார்கள். சின்னப்பாவிடம் மட்டும், அவர் வீடு துப்புரவுத் தொழிலாளர்கள் நிறைந்த மர்பி டவுன் என்று தெரிந்த பிறகு, இரண்டாம் முறையும் கேட்பார்கள்.

அவருடைய அப்பா சாக்கடையில் இறங்கியவர். அண்ணன் கோதண்டனும் இறங்கியவர். கோதண்டன் ஒரு அபார்ட்மென்ட்டின் பின்புறக் குழியில் செத்துப்போனார். அடைப்பைக் கையால் எடுத்துவிட்டால் போதும் என்றுதான் கூட்டிப்போயிருக்கிறார்கள். கை எட்டவில்லை. தோள்வரை விட்டார். அதுவும் எட்டவில்லை. இறங்கினார். மேலே வாளியோடு நின்றிருந்தவர் சின்னப்பா. அதற்குப் பிறகு அவர் அந்த வேலைக்குப் போகவில்லை. ஒரு சங்கத்தில் இலவசமாகச் சொல்லிக்கொடுத்த மெஷின் ரிப்பேர் வகுப்பில் போய் உட்கார்ந்தார்.

சின்னப்பாவுக்கும் அவர் மனைவி பாஞ்சாலி அக்காவுக்கும் பிள்ளை இல்லை. கோதண்டன் விட்டுப்போன தினேஷைத்தான் வளர்த்தார்கள். பையன் ஐ.டி.ஐ.யைப் பாதியில் விட்டுவிட்டு, சாப்பாடு டெலிவரிக்குப் போய்க்கொண்டிருந்தான். சின்னப்பாவுக்கு அவனை எங்கள் சென்டரில் சேர்க்க வேண்டும். வழியும் இருந்தது. கம்பெனி அந்த வருடம் கான்ட்ராக்ட் ஆட்களில் சிலரை நிரந்தரமாக்கப் போவதாக இருந்தது. நிரந்தரமானவர் தன் சொந்தத்தில் ஒருவரைப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்ளலாம். நான் அனுப்பிய பரிந்துரையில் முதல் பெயர் சின்னப்பா. அதுவரை அவர் பேரில் ஒரு புகார்கூட வரக் கூடாது என்பதுதான் நிபந்தனை.

"எங்கப்பன் போச்சு, அண்ணன் போச்சு. இந்தப் பையன் கையில ஸ்க்ரூ டிரைவர் இருக்கணும் தம்பி. அத்தோட எங்க ஊட்ல அந்தக் கத முடியணும்" என்பார். வேறு எதைப் பற்றிப் பேசினாலும் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்பார்.

அப்படி இருக்கும்போதுதான் ஸ்ரீரஞ்சனி மேடத்தின் புகார் வந்தது.

அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு பழைய அபார்ட்மென்ட். தரைத்தள வீடு. ஏற்கெனவே வேறொரு மெக்கானிக் போய் மெஷினுக்குள் தண்ணீர் தள்ளும் பம்பை மாற்றிவிட்டு வந்திருந்தார். திரும்பவும் அதே புகார் வந்தால் சூப்பர்வைசரும் கூடப் போக வேண்டும் என்பது விதி. போனேன்.

ஸ்ரீரஞ்சனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர். ஒரு காதில் ஹெட்போன், இடுப்பில் குழந்தை. பல தலைமுறையாக இங்கேயே இருக்கும் குடும்பம் என்பது பேச்சில் தெரிந்தது.

"மெஷின்ல தண்ணி நிக்குதா மேடம், இல்ல தரையில நிக்குதா?"

"எல்லாத்துலயும் நிக்கறது. போன தடவ வந்தவர் பம்ப் மாத்தினார். ரெண்டு வாஷ் ஓடித்து. திரும்பவும் நின்னுடுத்து. குழந்தை துணி எல்லாம் உள்ள ஊறி நாத்தம் எடுக்கறது. இன்னிக்காவது சரி பண்ணுவேளா?"

பின்கட்டில் மெஷின் இருந்தது. கண்ணாடிக் கதவுக்குள் சாம்பல் நிறத் தண்ணீரில் துணிகள் மூழ்கிக் கிடந்தன. சின்னப்பா பிளக்கைப் பிடுங்கினார். கீழே இருக்கும் சின்ன மூடியைத் திறந்து, உள்ளிருந்த மெல்லிய குழாயை வெளியே இழுத்து, தட்டு தட்டாகத் தண்ணீரை வடித்தார். அப்புறம் ஃபில்டரைத் திருகி எடுத்தார். ஒரு ஹேர்பின், பஞ்சுத் திரள், குழந்தையின் ஒற்றைச் சாக்ஸ்.

"இத தேடினு இருந்தீங்களா மேடம்?"

"ஐயோ, அதோட ஜோடிய நேத்து தான் தூக்கிப் போட்டேன்!"

ஃபில்டர் இருந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்து, பம்பின் சின்ன விசிறியை விரலால் சுழற்றிப் பார்த்தார். தடையில்லாமல் சுற்றியது. பின்பக்கம் ஹோஸ் மடங்கவில்லை. தரை ஓட்டைக்குள் அளவுக்கு மீறித் திணிக்கப்படவும் இல்லை. "வாளி குடுங்க" என்றார். ஹோஸின் நுனியைத் தரை ஓட்டையிலிருந்து எடுத்து வாளிக்குள் விட்டு, மெஷினில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து, வெளியேற்றும் பட்டனை அழுத்தினார். தண்ணீர் சீறிக்கொண்டு வாளியில் விழுந்தது.

"பாத்தீங்களா மேடம். மெஷின் ராஜா மாதிரி கீது."

அப்புறம் ஹோஸைப் பழையபடி தரை ஓட்டையில் விட்டு ஓட்டினார். தண்ணீர் கொஞ்சம் உள்ளே போனது. பிறகு களக் களக் என்று சத்தம். ஓட்டையிலிருந்து நுரை பொங்கித் தரையெல்லாம் பரவியது. மெஷின் திணறி நின்று, தண்ணீர் போகவில்லை என்பதற்கான பிழை எழுத்தைத் திரையில் காட்டியது. சின்னப்பா குனிந்து முகர்ந்தார்.

"இது உங்க பவுடர் வாசன இல்ல. மேல் வீட்டு லிக்விடு. மாடியில தொவைக்கிற தண்ணி கீழ போவ வழி இல்லாம உங்க ஊட்ல ஏறுது. பைப்பு ரொம்பி நிக்கும்போது மெஷின் எங்க தள்ளும்? பம்ப மாத்துனதே வேஸ்ட்டு. வெளிய சாக்கடக் குழி, அந்த சேம்பர், அடச்சினு கீது. தண்ணிய பீச்சி அடைப்ப ஒடைக்கிற ஜெட்டிங் வண்டியக் கூப்புடச் சொல்லுங்க." ஹோஸின் நுனியைத் தொட்டுக் காட்டினார். "நம்ம வேல இங்க முடியுது. இதுக்கு அந்தாண்ட பில்டிங்கோடது."

நானும் அதையே ஆங்கிலம் கலந்து சொன்னேன். ஸ்ரீரஞ்சனி கேட்டுக்கொண்டார். ஆனால் ஹேப்பி கோட் தர மறுத்துவிட்டார்.

வேலை முடிந்ததும் வாடிக்கையாளரின் போனுக்கு ஓர் எண் வரும். அதை அவர் சொன்னால்தான் மெக்கானிக் அந்தப் புகாரை மூட முடியும். அந்த எண்ணுக்குத்தான் ஹேப்பி கோட் என்று பெயர். கிடைக்காவிட்டால் புகார் மெக்கானிக் பேரில் திறந்தே கிடக்கும்.

"தண்ணி போகல. நான் எப்படி ஹேப்பி கோட் குடுக்கறது? நான் ஹேப்பியா இல்லையே. போன தடவ குடுத்துட்டு தானே ஏமாந்தேன்."

நியாயமான பேச்சு. அதுதான் எரிச்சல். அவர் அபார்ட்மென்ட் செக்ரெட்டரியைப் போனில் கூப்பிட்டார்.

சேஷகிரி வந்தார். ரிட்டையர்டு ஆசாமி. கன்னடமும் தமிழும் ஒன்றாகவே வரும் வாய். "ஏன் மேடம், ஆயித்தா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவர், என் கழுத்திலிருந்த அட்டையைப் பார்த்து, என்ன படித்தேன் என்று விசாரித்து, எனக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். விஷயத்தை என்னிடம்தான் கேட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஈரத் தரையில் குத்துக்காலிட்டு டூல்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த சின்னப்பா பக்கம் திரும்பினார்.

"நீ யாவ ஏரியா?"

"மர்பி டவுன் சார்."

"ஓ, மர்பி டவுனா!" தொலைந்த சாவி கிடைத்ததுபோல் அவர் முகம் விரிந்தது. "மத்தே யாக்கே, ஏன் டைம் வேஸ்ட்? சேம்பர் பின்னாடியே இருக்கு. ஸ்வல்ப நோடிபிடு, கொஞ்சம் பாத்துடு. உள்ள இறங்கவே வேணாம். கைய மட்டும் விட்டா போதும்."

எங்கள் ஊரில் புது ஆள் வந்தால் எந்தத் தெரு என்று கேட்பார்கள். பதில் கிடைத்ததும் எங்கே உட்காரவைப்பது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். இந்த ஊர் படித்த ஊர். இங்கே ஏரியா என்று கேட்கிறார்கள்.

"சார், அது எங்க வேலை இல்ல. ஆளை இறக்கறது சட்டப்படியே தப்பு" என்றேன்.

"இன்ஜினியரே, யாரு இறக்கறா? கை தானே! வண்டி வரணும்னா கமிட்டி ஒத்துக்கணும், நாளைக்கு ஆகும். இவரு இங்கயே இருக்காரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா செய்வாரு."

சின்னப்பா எழுந்து நின்றார். "சார், நான் மெஷின் மெக்கானிக்."

"கம்ப்ளெயின்ட்ல டிரைனேஜ்னு தானே இருக்கு?" மேடத்தின் போனை வாங்கி எங்களிடமே காட்டினார். இருந்தது. டிரைனேஜ் ப்ராப்ளம் என்றுதான் இருந்தது.

"கண் டாக்டரு வந்தா, கண்ணாடி தானே உங்க வேல, அப்டியே ஜன்னல் கண்ணாடியும் தொடச்சிட்டு போங்கன்னு சொல்லுவீங்களா சார்?"

ஸ்ரீரஞ்சனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது; குழந்தையின் தலையில் முகத்தை மறைத்துக்கொண்டார். சேஷகிரிக்கு வரவில்லை. "மாத்து ஜாஸ்தி ஆயித்து" என்றார். பேச்சு அதிகமாகிவிட்டதாம். வாசல் பக்கம் திரும்பி வாட்ச்மேனிடம், எப்போதும் வருகிற ஆளைக் கூப்பிடு என்று கத்தினார்.

நாங்கள் டூல்ஸைக் கட்டிக்கொண்டு பின்பக்க வழியாக வெளியே வருவதற்குள் அந்த ஆள் வந்துவிட்டான். பைக்கில் வந்தான். தோளில் மூங்கில் பிளாச்சு, கையில் கடப்பாரை, வாளி. உடம்பில் சாயம் போன டெலிவரி கம்பெனி பனியன். சேம்பர் மூடிக்குப் பக்கத்தில் எல்லாவற்றையும் இறக்கிவைத்துவிட்டு நிமிர்ந்தவன் எங்களைப் பார்த்தான்.

"சித்தப்பா" என்றான் தினேஷ்.

சின்னப்பா கையிலிருந்த பை கீழே போனது. "இன்னாடா இது?"

"இன்னா இன்னா? வேல."

"டெலிவரிக்கு தானடா போற நீ?"

"போய்னு இருந்தேன். யாரோ ஒரு கஸ்டமர் கம்ப்ளெயின்ட் குடுத்தான், ஐடிய பிளாக் பண்ட்டாங்க. அது ஆச்சு பல மாசம்."

"எனக்கு ஏன்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்ப? இப்ப ஒரு மூஞ்சி வச்சினு கீறியே, இதத்தான் வச்சினு இருந்திருப்ப."

"யாருடா உன் நம்பர இவங்களுக்கு குடுத்தது?"

தினேஷ் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன். "நீ தான்."

அது உண்மை. சின்னப்பாவின் பழைய நம்பர் அல்சூரில் பாதி அபார்ட்மென்ட்டுகளில் 'டிரைனேஜ் சின்னப்பா' என்று பதிவாகியிருந்தது. மெஷினுக்காக வாங்கி வைத்த நம்பர், சாக்கடைக்காகக் கூப்பிடுவார்கள். சலித்துப்போய் அவர் புது நம்பர் வாங்கினார். பழைய சிம்மை, நெட் போட்டுக்கொள்ளட்டும் என்று தினேஷிடம் கொடுத்துவிட்டார். ஆரம்பத்தில் தினேஷ் அந்த அழைப்புகளைத் துண்டித்துவிட்டிருக்கிறான். டெலிவரி ஐடி போன பிறகு துண்டிக்கவில்லை.

"பேசினது போதும், சீக்கிரம் பாருப்பா" என்றார் சேஷகிரி, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு.

தினேஷ் கடப்பாரையைச் செருகி மூடியை நெம்பினான். விரல் அளவுக்குத் திறந்ததும் வாடை எழுந்தது. சின்னப்பா இரண்டே எட்டில் போய் மூடியை மிதித்து மூடினார். மூடியின் மேல் ஏறி நின்றார்.

"நவுரு சித்தப்பா."

"மாட்டேன்."

"உள்ள எறங்க மாட்டேன். கைய மட்டும் தான்..."

"உங்கப்பனும் கைய மட்டும் தான் வுட்டான்."

மாடியில் யாரோ பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள்.

"கொஞ்ச நாள் பொறுடா" என்றார் சின்னப்பா. குரல் இறங்கிவிட்டது. "பெர்மனென்ட் ஆனதும் உன்ன உள்ள எத்துனு பூடுறேன். தம்பி கூட எழுதி அனுப்பிச்சிருக்காரு. கேளு."

தினேஷ் என் பக்கம் திரும்பவே இல்லை. "உன் கழுத்துல ஐடி கார்டு தொங்குது. ஹோஸ் வரைக்கும் தான் என் வேலன்னு சொல்ற. சொல்லிட்டு கைக்கு கிரீம் பூசிக்கினு போற. என் கழுத்துல இன்னா தொங்குது? எது வரைக்கும் என் வேல? நீயே சொல்லு சித்தப்பா, எங்க போயி நான் கோடு போடறது?"

சின்னப்பா மூடியை விட்டு இறங்கவில்லை.

"என்ன டிராமா இது? சொந்தக்காரங்க சண்டைய உங்க வீட்டுல வச்சுக்கோங்க. நான் கம்பெனிக்கு மெயில் போடறேன்" என்று சேஷகிரி என்னிடம் கத்தினார். நான் போடுங்கள் என்றேன். கடைசியில் ஸ்ரீரஞ்சனிதான், "அங்கிள், வண்டியவே கூப்பிட்டுடலாமே. ஒரு நாள் தானே, நான் சமாளிச்சுக்கறேன்" என்றார். சேஷகிரி முணுமுணுத்துக்கொண்டே போன் செய்யப் போனார்.

தினேஷ் கடப்பாரையையும் பிளாச்சையும் எடுத்துக்கொண்டான். "நாளைக்கு எவன் ஊட்டு மூடி மேல நிப்ப? வேல போச்சு, பார்ட்டியும் போச்சு. இனிமே நான் ஊட்டுக்கு வரல. சித்தி கிட்ட சொல்லிடு" என்றான். பைக் உதைபட்டுக் கிளம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் சின்னப்பா மூடியை விட்டு இறங்கினார்.

மறுநாள் ஜெட்டிங் வண்டி வந்தது. யாரும் எதற்குள்ளும் கைவிடவில்லை. வண்டியின் குழாய் போய் அடைப்பை உடைத்துக்கொண்டு வந்தது. சிமென்ட். மாடியில் ஒரு வீட்டில் டைல்ஸ் மாற்றியபோது மிச்சத்தையெல்லாம் கழுவி அந்தக் குழாயிலேயே விட்டிருக்கிறார்கள். அது பாறையாகிக் கிடந்திருக்கிறது. மர்பி டவுன் முழுவதும் வந்து கைவிட்டிருந்தாலும் அது அசைந்திருக்காது. சேஷகிரி வண்டியைப் படம் பிடித்து அவர்கள் குடியிருப்பு குரூப்பில் போட்டு, கமிட்டிக்கு நன்றி வாங்கிக்கொண்டார் என்று பிறகு ஸ்ரீரஞ்சனி சொன்னார்.

எங்களுக்கு மெயில் வந்தது. உங்கள் மெக்கானிக் வேலை செய்ய மறுத்தார், வேலை செய்ய வந்தவரையும் தடுத்தார், தன் உறவினரோடு வளாகத்தில் கலாட்டா செய்தார். எல்லா வாக்கியங்களும் உண்மை. அதனால்தான் அதற்குப் பதில் எழுத எனக்கு ஒரு நாள் முழுக்க ஆனது. வாளியில் தண்ணீர் விழுந்ததிலிருந்து சிமென்ட் வெளியே வந்ததுவரை ஒன்றுவிடாமல் எழுதினேன். மெக்கானிக்கின் வேலை எல்லை எது என்று கம்பெனி விதியிலிருந்தே எடுத்துக்காட்டினேன். கடைசியில் என் பெயர், பி.இ.

மேனேஜர் கூப்பிட்டார். "இங்கிலீஷ் நல்லா இருக்குப்பா. ஆனா கோட் இல்லையே?" என்றார்.

"தண்ணி இப்ப போகுது சார். அவங்க தர ரெடியா இருக்காங்க."

"சிஸ்டம் அத ஏற்கெனவே 'மெக்கானிக் மறுப்பு'ன்னு மூடிடுச்சு. இப்ப தந்தா எங்க போடறது?"

சின்னப்பாவின் பெயர் பட்டியலிலிருந்து போனது. அவருக்கு அடுத்து இருந்தவர் நிரந்தரமானார். அவருடைய மச்சான் பயிற்சிக்கு வந்து சேர்ந்தான். நல்ல பையன்தான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வாய் கசக்கிறது. அவன் மேல் ஒரு தப்பும் இல்லை.

இதைச் சொல்ல நான்தான் மர்பி டவுனுக்குப் போனேன். பாஞ்சாலி அக்கா வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார். சின்னப்பா கேட்டுக்கொண்டார். அப்புறம், "அந்த செக்ரெட்டரி மேலகூட கோவம் இல்ல தம்பி. தினேசு ஒரு கேள்வி கேட்டான் பாரு. நீ படிச்ச புக்குல அதுக்கு பதில் கீதா?" என்றார்.

"இல்லண்ணா."

"அப்ப இன்னாத்துக்கு அவ்ளோ படிச்ச?"

என் படிப்பை யாராவது குறைத்துப் பேசினால் நான் விடமாட்டேன். அன்றைக்கு விட்டுவிட்டேன்.

பாஞ்சாலி அக்கா அலசுவதை நிறுத்தவில்லை. "மூடி மேல நின்னாராம். பெரிய கல்லு செல. செல நின்னா புள்ள ஊட்டுக்கு வந்துடுமா?" என்றார்.

"உனக்கு மட்டும் முன்னாடியே தெரிஞ்ச மாதிரி பேசாத" என்று சின்னப்பா சீறினார்.

"தெரியும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தொவைக்கிறவளுக்குத் தெரியாதா? இந்த ஊட்ல மெஷின் கீது. அவன் துணிய எப்பனா அதுல போட்டு பாத்துருக்கியா நீ? பினாயில் ஊத்தி இங்க வெளியவே கையால கசக்கி போட்டேன். சோத்துக்கு இன்னா பண்றான்னு நீ கேக்கல, அவன் சொல்லல. நான் எந்த வாயால கேக்கறது?"

ஊரில் பாதி வீட்டு மெஷின்களின் வயிற்றுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தவர் சின்னப்பா. தன் வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த பனியனை அவர் பார்த்ததில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார்.

தினேஷ் சிவாஜிநகரில் நண்பன் அறையில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதே சிம், அதே வேலை. பாஞ்சாலி அக்கா டிபன் கேரியரில் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவதாகவும் சொன்னார்கள். சின்னப்பா கான்ட்ராக்டிலேயே தொடர்ந்தார். எப்போதும்போல் கிரீம், எப்போதும்போல் முதல் கேள்வி. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவசரப் புகாருக்கு அழைத்தால் போனை எடுப்பதில்லை.

ஒரு ஞாயிறு, ஸ்டோர் ரூம் சாவி அவரிடம் மாட்டிக்கொண்டது. பாஞ்சாலி அக்காவிடம் கேட்டபோது ஒரு இடம் சொன்னார். அல்சூர் பஜாருக்குப் பின்னால் ஒரு அபார்ட்மென்ட். காலை நேரம், அங்கே யாரும் இன்னும் எழுந்ததாகத் தெரியவில்லை. பின்பக்கம் போனேன்.

இரண்டு சேம்பர் மூடிகளும் திறந்து கிடந்தன. ஒன்றின் விளிம்பில் சின்னப்பா உட்கார்ந்திருந்தார். செருப்புக்கால். பழைய லுங்கி. ஒரு தடித்த கயிறு அவர் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, குழிக்குள் இறங்கியிருந்தது.

"என்னண்ணா இது?"

"நிறுத்த முடியல தம்பி. தனியா வுடவும் முடியல." என்னைப் பார்க்காமல் குழியைப் பார்த்தே பேசினார். "எங்க வேல இருக்குதுன்னு பாஞ்சாலி மூலமா தெரிஞ்சிக்கினு வந்துடறேன். முன்னாடியே வந்து மூடியெல்லாம் தொறந்து போட்டு காத்தாட வுடறேன். இடுப்புல கயிறு கட்டாம எறங்க வுட மாட்டேன். மொத நாளு தொரத்துனான். இப்ப ஒண்ணும் சொல்றதில்ல."

"அது பத்தாதுண்ணா. கயிறு இருந்தா மட்டும்..."

"தெரியும். எனக்கு தெரியாததா?" சட்டென்று கத்திவிட்டார். பிறகு குழிக்குள் குனிந்தார். "தினேசு!"

"கீறேன்."

இருக்கிறேன் என்பதை மர்பி டவுனில் அப்படித்தான் சொல்வார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. உள்ளே வாளி சுவரில் உரசும் சத்தம். நான் சாவியைப் பற்றிக் கேட்கவில்லை. அவருக்குப் பின்னால் உட்கார்ந்து கயிற்றின் மிச்ச நுனியை எடுத்து என் கையில் சுற்றிக்கொண்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கூப்பிட்டார். "தினேசு!"

பதில் வரவில்லை. வாளிச் சத்தமும் நின்றிருந்தது. கயிறு அசையாமல் தொங்கியது. சின்னப்பா ஒரு காலைக் குழிக்குள் தொங்கவிட்டுவிட்டார். அதை அவரே உணர்ந்ததாகத் தெரியவில்லை. நான் அவர் தோளைப் பிடித்தேன்.

"டேய் தினேசு! டேய்!"

"கீறேன் சித்தப்பா, கீறேன்" என்று கீழேயிருந்து இருமலோடு குரல் வந்தது. "சும்மா கத்தாத. ஃபிளாட்காரங்க முழிச்சிக்கப் போறாங்க."